டோனாவூர் அம்மையார்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவர் ஒருவர்

எங்கள் சோழபுரத்திலிருந்து மேற்கே நோக்கினால் மலைத்தொடர் ஒன்று நீல நிறத்தில் நீண்டு கிடப்பதைக் காணலாம். அதே மலையின் அடிவாரத்தை ஒட்டித் தெற்கே போய்க்கொண்டே இருந்தால், நெல்லை மாவட்டத்தில் களக்காட்டை அடுத்து டோனாவூர் என்னும் சிற்றூர் வரும். தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்களுள் இது சற்று விந்தையானது. ஆண்டவன் பெயரோ, அரசன் பெயரோ, மரத்தின் பெயரோ இதில் இல்லை. பிரஷிய நாட்டுப் பிரபு ஒருவரின் பெயர் இது. பாளையங்கோட்டையிலிருந்து சமயப்பணி ஆற்றிய ரேனியஸ் பாதிரியார் 1820-களில் புதிதாகக் கிறித்தவரானோர் குடியிருக்க நிலம் வாங்க விரும்பினார். டோனா பிரபு என்பவர் அதற்குப் பணம் அனுப்பினார். அவர் இவ்வூரை ஒருநாளும் கண்டதில்லை. அவர் பெயர் மட்டும் ஊருக்கு நிலைத்துவிட்டது.

இவ்வாறு ஒரு நன்கொடையின் பெயரையே தாங்கி நின்ற ஊருக்குத்தான் 1901-ஆம் ஆண்டில் ஏமி கார்மைக்கேல் என்னும் அயர்லாந்துப் பெண்மணி வந்து சேர்ந்தார். அடுத்த ஐம்பது ஆண்டுகள் அவர் அவ்வூரை விட்டு அகலவில்லை. அவர் தமிழகத்தில் கால் வைத்தபோது எங்கள் திருவில்லிபுத்தூர் வட்டாரமும் திருநெல்வேலி ஜில்லாவில்தான் இருந்தது. 1910-இல்தான் பிரிந்து இராமநாதபுரத்தோடு சேர்ந்தது. ஆகவே அவரை எங்கள் பழைய ஜில்லாக்காரர் என்று உரிமையோடு சொல்லிக்கொள்ளலாம்.

ஏமி 1867-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் மில்லைல் என்னும் கடற்கரைச் சிற்றூரில் பிறந்தார். தந்தை டேவிட் மாவு ஆலை ஒன்றின் உரிமையாளர். பிள்ளைகள் எழுவர், ஏமி மூத்தவர். சிறுமியாக இருந்தபோது தன் கண்கள் நீலமாக மாறவேண்டும் என்று இரவில் வேண்டிக்கொண்டு படுத்தாராம். விடிந்ததும் கண்ணாடியில் பார்த்தால் பழைய பழுப்புக் கண்களே இருந்தன. பின்னாளில் சேலை உடுத்தித் தோலைக் கருநிறமாக்கிக்கொண்டு நம் ஊர்ப் பெண்களோடு பெண்ணாக அவர் உலவியபோது அந்தப் பழுப்புக் கண்களே அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தன என்பர். இக்கதை அவர் வரலாற்றை எழுதும் எவரும் விடாத கதை, நானும் விடவில்லை.

குடும்பம் பெல்பாஸ்ட் நகரத்திற்குக் குடிபெயர்ந்தது. தொழிலில் நட்டம் வந்தது. 1885-இல் தந்தை காலமானார். மூத்த மகளின் தோளில் பொறுப்பு விழுந்தது. இந்தக் காலத்தில்தான் அவருடைய மனம் ஆலைப் பெண்களின்பால் சென்றது. பெல்பாஸ்ட் நகரின் நெசவாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்களுக்குத் தொப்பி வாங்கப் பணமில்லை. போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு போவார்கள். அவர்களை ஏமி தேவாலயத்திற்கு அழைத்து வந்தார். பக்கத்து இருக்கைகளில் இருந்த கனவான்கள் முகம் சுளித்தனர். சரி, இவர்களுக்கென்று ஒரு மண்டபம் வேண்டும் என்று முடிவு செய்தார். ஐந்நூறு பேர் அமரத்தக்க தகரக் கொட்டகை ஒன்று 1889-இல் எழுந்தது. பணம் ஒரு சீமாட்டியிடமிருந்து வந்தது. இடத்தை ஆலை முதலாளி ஒருவர் தந்தார். வீடுவீடாகச் சென்று நிதி திரட்டுவதில்லை, தேவையை ஆண்டவனிடம் மட்டும் சொல்வது, வருவதைக் கொண்டு நடத்துவது என்னும் விரதத்தை அவர் அப்போதே மேற்கொண்டுவிட்டார். இறுதிவரை அவர் அதைக் கைவிடவில்லை.

சீனத்திற்குச் செல்ல விரும்பினார். உடல்நலம் போதாதென்று மறுக்கப்பட்டார். 1893-இல் ஜப்பானுக்குச் சென்று ஓராண்டுக்குச் சற்று மேல் பணியாற்றி நோயுற்றுத் திரும்பினார். 1895-இல் இந்தியா வந்தார். முதலில் பெங்களூர், அடுத்த ஆண்டு திருநெல்வேலி. தாமஸ் வாக்கர் என்னும் பாதிரியாரின் குடும்பத்தோடு தங்கித் தமிழ் கற்றார். மாட்டு வண்டியில் ஊர் ஊராகச் செல்லும் பெண்கள் குழு ஒன்றை அமைத்தார். அக்குழுவின் முதன்மையானவர் பொன்னம்மாள் என்னும் இளம் விதவை. இக்குழுப் பெண்கள் நகைகளைக் கழற்றி வைத்தனர், சம்பளம் பெறவில்லை. நகை அணியாத பெண்ணை வறியவள் என்றும் கைவிடப்பட்டவள் என்றும் ஏசும் நம் ஊரில் அதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இதுவரை அவர் மற்றச் சமயத் தொண்டர்களைப் போன்ற ஒருவரே. அவர் வாழ்வைத் திருப்பியது ஒரு சிறுமியின் கால்கள்.

1901 மார்ச் மாதம். பண்ணைவிளை என்னும் ஊர். கோயில் பெண்கள் வாழ்ந்த வீடு ஒன்றிலிருந்து ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இரவில் தப்பி வந்தாள். பெயர் பிரீனா. அவள் முன்பும் ஒருமுறை தப்பித் தூத்துக்குடி வரை நடந்து தன் தாயிடம் சென்றிருந்தாள். தெய்வத்திற்கு நேர்ந்துவிட்ட பிள்ளையை வைத்துக்கொண்டால் சாபம் வருமென்று அஞ்சிய தாய், பின்னால் வந்தவர்களிடமே பிள்ளையை ஒப்படைத்துவிட்டாள். திரும்பிய சிறுமிக்குக் கைகளில் சூடு வைக்கப்பட்டது. இரண்டாம் முறை அவள் தப்பியபோது, ஒரு கிறித்தவப் பெண் அவளைக் கண்டு ஏமியிடம் அழைத்து வந்தார். சிறுமி நேரே ஏமியின் மடியில் ஏறி அமர்ந்துகொண்டாள். தன் துணிப்பொம்மையை எடுத்து வைத்துக்கொண்டு, கோயில் வீட்டில் தனக்கு என்னென்ன செய்தார்கள் என்பதை அதன்மேல் செய்து காட்டினாள் என்று அவர் வரலாறு கூறுகிறது. ஏமியை அம்மா என்று அழைத்த முதற் குழந்தைகளுள் இவளும் ஒருத்தி.

தேவதாசி முறையைப் பற்றி இங்குச் சிறிது கூறவேண்டும். பெண்குழந்தையைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது பழைய வழக்கம். ஆடலும் பாடலும் இவர்கள் காத்த செல்வங்கள்; அவை இன்று மேடைகளில் புகழோடு விளங்குகின்றன. சிலருக்குக் கோயில் மானியமும் சொத்துரிமையும் இருந்தன. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் வறுமையால் விற்கப்பட்ட பிள்ளைகளின் நிலை வேறு. ஏமி கண்டது அந்தப் பக்கத்தை மட்டுமே. அவர் எழுதிய நூல்களில் நம் சமயத்தைப் பற்றிக் கடுஞ்சொற்கள் உண்டு. கோயிலும் பக்தியும் ஊறிய மண்ணில் பிறந்த எனக்கு அவை நோவைத் தந்தன. ஆனால் நோவு வேறு, பொய் வேறு. சிறுமிகளின் நிலை பொய்யன்று என்பதை நம்மவரே ஒப்புக்கொண்டனர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் சட்டமன்றத்தில் போராடினார். 1930-இல் அவ்வை இல்லத்தைத் தொடங்கினார். 1947-இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது.

ஆக, சட்டம் வருவதற்கு நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் டோனாவூரில் ஒரு வீடு திறந்தது. 1904-இல் பதினேழு பிள்ளைகள். 1913-க்குள் நூற்றுக்கும் மேல். தவழும் பருவத்துக் குழந்தைகளும், பிறந்து சில நாள்களே ஆன சிசுக்களும் வந்தன. தாய்ப்பால் இல்லை. மருத்துவர் இல்லை. நல்ல மருத்துவமனை நெய்யூரில் இருந்தது. மாட்டு வண்டியில் ஒன்றரை நாள் வழி. ஆகவே நெய்யூரிலேயே ஒரு குழந்தைகள் விடுதி அமைத்துப் பொன்னம்மாளை அங்கே அனுப்பினார். ஒருமுறை கொள்ளைநோய் அவ்விடுதியில் புகுந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போயிற்று. 1905 ஜனவரி 6-ஆம் நாள், டோனாவூரில் இந்திரநீலா என்னும் பச்சிளங்குழந்தை இறந்தது. வீட்டின் செல்லக் குழந்தை அது. சமயத் தொண்டில் பழகிய சிலர், சுவிசேஷம் சொல்ல வந்தவர் பால்புட்டி கழுவிக்கொண்டிருக்கலாமா என்று குறை கூறினர். உயிர் உடலோடு ஒட்டிக்கொண்டுதானே இருக்கிறது, தனியே பிரித்தெடுத்து உயிரை மட்டும் காப்பாற்ற முடியுமா என்பது அவர் தந்த விடையின் கருத்து. தம் கடவுள் சீடர்களின் காலைக் கழுவியவர் ஆயிற்றே, பிள்ளைகளின் துணியைக் கசக்குவது எனக்கு எப்படி இழிவாகும் என்றும் எண்ணினார்.

அவருடைய ஈகையின் ஊற்று இதுதான். இரக்கம் மட்டுமன்று, பக்தி. தம் ஆண்டவர் தமக்குச் செய்ததைத் தாம் குழந்தைக்குச் செய்கிறோம் என்னும் எண்ணம். எங்கள் பக்கத்தில் இது புரியாத செய்தியன்று. திருவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கிடந்த பெண்மகவை எடுத்து வளர்த்தவர் பூமாலை கட்டும் பெரியாழ்வார். அந்தக் குழந்தைதான் ஆண்டாள். கண்டெடுத்த குழந்தையைத் தெய்வம் தந்ததாகக் கொண்டு வளர்த்த தந்தையின் கதையை ஆடிப்பூரத் தேரின்போது கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

ஆனால் சமயப் பற்றோடு தரும் கொடையில் ஒரு சிக்கலும் உண்டு. அதை மறைத்து இக்கட்டுரையை எழுத எனக்கு மனமில்லை. நான் ஐந்தாம் வகுப்புப் படிக்கையில், ஒரு டிசம்பர் மாதம், வெளியூரிலிருந்து சிலர் எங்கள் தெருவிற்கு வந்து பிள்ளைகளுக்கெல்லாம் ஆளுக்கொரு அட்டைப்பெட்டி தந்தனர். என் பெட்டியில் ஒரு ஜாமெட்ரி பாக்ஸ், சோப்பு, மிட்டாய், அவற்றின் அடியில் வண்ணப்படம் போட்ட ஒரு துண்டுப் பிரசுரம். பாட்டி அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. இதற்குப் பதிலாக அவர்களுக்கு என்ன வேண்டுமாம் என்று என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். தந்தவர்கள் அதற்குள் போய்விட்டார்கள். தாள் அடுப்புக்குப் போயிற்று. ஜாமெட்ரி பாக்ஸ் பன்னிரண்டாம் வகுப்புவரை என்னோடு வந்தது. எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். அந்தக் காம்பஸால் வட்டம் போட்ட ஒவ்வொரு முறையும் பாட்டியின் கேள்வி நினைவுக்கு வந்தது. அந்தக் கேள்வியோடுதான் டோனாவூர் அம்மையாரின் வரலாற்றையும் படித்தேன்.

பதில் நேராகக் கிடைக்கவில்லை. அவர் தம் பிள்ளைகளைக் கிறித்தவர்களாகவே வளர்த்தார். அதில் ஒளிவுமறைவு இல்லை. அவர்கள் வளர்ந்து தம் ஆண்டவரை நேசிக்கவேண்டும் என்பதே அவர் ஆசை. அதே நேரத்தில் அவர் கொடுத்தது ஒருநாள் பெட்டியன்று. வாழ்நாள் முழுவதையும் கொடுத்தார். இந்தியாவிற்கு வந்தபின் விடுமுறைக்குக்கூட அவர் தாய்நாடு திரும்பவில்லை. பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர்களே இருந்தன. உடுப்பும் உணவும் நம் ஊர் உடுப்பு, நம் ஊர் உணவு. வெள்ளையரும் தமிழரும் ஒரே குடும்பமாக உழைத்தனர். எவருக்கும் சம்பளம் கிடையாது.

கொடுப்பதில் அவர் வைத்திருந்த முறைகளைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். பணம் வேண்டுமென்று எவரிடமும் கேட்பதில்லை. கடன் வாங்குவதில்லை. குழந்தையின் பரிதாபத்தைக் காட்டித் தட்டேந்துவதை அவர் வெறுத்தார். இன்று குழந்தையின் அழுத முகத்தைச் சுவரொட்டியில் அச்சிட்டுப் பணம் திரட்டுவோர் பலர் உண்டு. அவர்கள் கவனிக்கத்தக்க செய்தி இது. வாங்குகிற குழந்தையின் மானமும் கொடையில் ஒரு பகுதியல்லவா?

இன்னொரு வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கு வந்த பிள்ளைகள் பலருக்குப் பிறந்தநாள் தெரியாது. ஆகவே அவர்கள் டோனாவூருக்கு வந்து சேர்ந்த நாளையே ஆண்டுதோறும் கொண்டாடினர். வந்தநாள் என்பது அங்கே பிறந்தநாள். பூக்களால் அலங்காரம், அம்மாவைக் காண்பது, பரிசு பெறுவது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாளில் ஒரே பெட்டி என்று கொடுக்காமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதற்கே உரிய ஒரு நாளைக் கொடுத்தார். நூற்றுக்கணக்கான பிள்ளைகள் உள்ள வீட்டில் இது எளிய வேலையன்று.

எல்லாம் புகழத்தக்கது என்று நான் சொல்லவில்லை. முத்தம்மாள் வழக்கு ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயதளவில் டோனாவூரில் அடைக்கலம் புகுந்த பெண் அவள். உறவினர் அவளுக்கு விருப்பமில்லாத திருமணத்தைச் செய்விக்க முயன்றனர். அவளுக்குச் சொத்தும் இருந்தது. தாய் தன் மகளைத் திருப்பிக் கேட்டு வழக்குத் தொடுத்தாள். 1911-இல் அம்மையாருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. பெண்ணைத் தாயிடம் ஒப்படைக்கவேண்டும், வழக்குச் செலவையும் தரவேண்டும் என்பது ஆணை. ஆனால் பெண் மறைந்துவிட்டாள். அங்கு விருந்தாளியாகத் தங்கியிருந்த ஒரு பெண்மணி அவளுக்கு முஸ்லிம் சிறுவனைப் போல உடுத்தி இரவோடிரவாக அனுப்பிவிட்டார். இலங்கை வழியாகக் கப்பலேறிச் சீன நாடு போய்ச் சேர்ந்த அவள், சில ஆண்டுகளுக்குப் பின்னரே மீண்டு வந்து திருமணம் செய்துகொண்டாள். அவள் எங்கே போனாள் என்பது அம்மையாருக்கே வெகுநாள் தெரியாது. சிறைக்குப் போக நேரும் என்று அவர் எதிர்பார்த்திருந்தார். சிறை வரவில்லை. வழக்குச் செலவிற்கான பணமும் கேளாமலே வந்து சேர்ந்தது.

இதை எப்படி எடைபோடுவது? பெற்ற தாய்க்கு நீதிமன்றம் தந்த உரிமையைப் பறித்தது தவறு என்பார் ஒரு சாரார். விருப்பமில்லாத மணத்திலிருந்து ஒரு சிறுமி தப்பினாள் என்பார் மறுசாரார். இதே கல்லூரியில் என்னோடு படித்திருக்க வேண்டிய எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பதினேழு வயதில் தாலி கட்டிக்கொண்டு போனாள். அவளை எண்ணும்போது நான் இரண்டாம் கட்சியில் சேர்ந்துவிடுகிறேன். அந்தத் தாயை எண்ணும்போது அவ்வளவு உறுதி எனக்கு இல்லை.

1912-இல் வாக்கர் மறைந்தார். 1915-இல் பொன்னம்மாள் புற்றுநோயால் இறந்தார். இருவரும் அம்மையாரின் இரு கைகள். 1918-இல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். நாடகக் கம்பெனிகளுக்கு விற்கப்படும் சிறுவர்களின் நிலையும் சிறுமிகளின் நிலைக்குக் குறைந்ததன்று என்று அவர் அறிந்திருந்தார். 1919-இல் அரசாங்கம் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அளித்தது. தம் ஆண்டவருக்குக் கிடைத்தது இகழ்ச்சிதானே, எனக்கெதற்குப் பதக்கம் என்று வருந்தி, அதை வாங்கும் விழாவிற்கு அவர் போகவில்லை. 1927-இல் டோனாவூர் ஐக்கியம் என்னும் பெயரில் நிறுவனம் பதிவாயிற்று. பின்னர் மருத்துவமனையும் எழுந்தது. சுற்றுவட்டார மக்கள் சாதி சமய வேறுபாடின்றி அங்குச் சிகிச்சை பெற்றனர்.

1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்வையிடச் சென்றார். மருந்தகம் அமைப்பதற்காகப் பிடித்த வீடு. மாலை மங்கிய நேரம். புதிதாகத் தோண்டியிருந்த குழியில் விழுந்து கால் முறிந்தது. அதன்பின் இருபது ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறை, ஒரே கட்டில். அந்த அறையில் இருந்தபடியே பல நூல்களை எழுதினார். அவர் எழுதியவை ஏறத்தாழ முப்பத்தைந்து. வந்தநாள் கொண்டாடும் பிள்ளை அந்தக் கட்டிலருகே வந்து நிற்பாள்; அவர் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவார். அவரிடம் வளர்ந்த பிள்ளைகள் ஆயிரத்தைத் தொடும் என்பர். அவர்களுள் பலர் அங்கேயே தங்கி அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அக்காவாகவும் அம்மாவாகவும் ஆயினர். பிறர் தந்ததை வாங்கி வளர்ந்தவர்கள் தாமே கொடுப்பவர்களாக மாறியதற்கு அந்த வீடே சான்று.

1951-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் அவர் காலமானார். வயது எண்பத்து மூன்று. தம் கல்லறைமேல் கல் எதுவும் நாட்டக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தார். பிள்ளைகள் அந்தச் சொல்லை மீறவில்லை. முழுவதும் கேட்கவும் இல்லை. வீட்டுத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில், பறவைகள் வந்து நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல்லைப் பொறித்தார்கள்: அம்மா.